பிஸ்டன் மாற்றப் போகிறாயா தம்பி? அக்காவின் டிப்ஸ்

பழைய மாருதி எஸ்டீமை ட்ராக்கில் ஓட்ட ஆசைப்பட்டு எஞ்சினைப் பிரித்துவிட்டாய். நல்ல எஞ்சின்தான்: 1298 சிசி, போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ. ஒன்றை மட்டும் மனதில் வை. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதே, நீயே அளந்து பார்த்த எண்ணை நம்பு.

1. எந்த பிஸ்டன்?
தினமும் ஆபீஸுக்கும் எப்போதாவது ட்ராக்குக்கும் என்றால் நல்ல காஸ்ட் பிஸ்டனே போதும். டர்போ போட்டாலோ, ரெட்லைனை ஒட்டியே ஓட்டினாலோ ஃபோர்ஜ்டு வாங்கு. அதில் இரண்டு ரகம். 4032 அலாயில் சிலிக்கன் 12 சதவீதம் அளவு இருக்கும். சூட்டில் குறைவாக விரிவதால் இடைவெளியைக் குறைத்து வைக்கலாம், சத்தமும் குறைவு. 2618 அடியை இன்னும் தாங்கும், ஆனால் அதிகம் விரியும். இடைவெளி கூடுதலாக விட வேண்டியிருப்பதால் குளிர்ந்த எஞ்சின் கடகடக்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு 4032-க்கு.

2. கம்ப்ரஷனைக் கணக்கு போடு
ஒரு சிலிண்டர் 324.5 சிசி. கம்ப்ரஷன் 10 வேண்டுமானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்ச இடம் 36 சிசி இருக்க வேண்டும், 11 என்றால் 32.5 சிசி. வித்தியாசம் மூன்றரை சிசிதான்! ஹெட்டை கொஞ்சம் தேய்த்தாலும் கேஸ்கெட்டை மாற்றினாலும் கணக்கு மாறிவிடும். அதனால் ஹெட் சேம்பரை எண்ணெய் ஊற்றி அளந்த பிறகே பிஸ்டனை ஆர்டர் பண்ணு.

3. பிஸ்டன் முதலில், லேத் பட்டறை பிறகு
பிளாக்கை முன்னாடியே ரீபோருக்குக் கொடுத்துவிடாதே. பிஸ்டன் வந்ததும் பின்னுக்குக் குறுக்குவாட்டில், ஸ்கர்ட்டில், கம்பெனி சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரால் அள. அந்த அளவோடு அவர்கள் சொல்லும் இடைவெளியைக் கூட்டினால் வருவதுதான் உன் போர். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் லேசாக நெளியும் என்பதால், டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் செய்யச் சொல். வேலை முடிந்ததும் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையிலும் போர் கேஜ் வைத்துப் பார்.

4. ரிங் கேப்
அந்தந்த ரிங்கை அந்தந்த சிலிண்டரில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே தள்ளி நேராக்கு. பிறகு ஃபீலர் கேஜால் அள. டர்போ இல்லாத எஞ்சினில் மேல் ரிங்குக்கு சுமார் 0.30 மி.மீ., டர்போவுக்கு 0.45 மி.மீ. ரிங் கம்பெனி வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்று. கேப் குறைந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி, போரைக் கீறி, பிஸ்டனையே உடைத்துவிடும். சந்தேகம் வந்தால் துளி கூடுதலாகவே விடு.

5. வால்வு இடிக்குமா?
கேம் மாற்றினாலோ ஹெட்டைத் தேய்த்தாலோ பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்று. பிரித்துக் களிமண்ணை வெட்டிப் பார். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி.

6. மாட்டும்போது
போரை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவு. வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை கழுவி, உடனே எண்ணெய் பூசு. பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதே. ரிங்கின் குறியிட்ட பக்கம் மேலே, கேப்கள் ஒரே நேரில் வரக் கூடாது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு டைமிங் பெல்ட் பக்கம். கன்ராடு போல்ட்டில் ரப்பர் டியூப் மாட்டினால் கிராங்க் கீறாது. ரிங் கம்ப்ரஸரில் வைத்து, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தள்ளு. நின்றுவிட்டால் அடிக்காதே. வெளியே எடுத்து ரிங்கைப் பார்.

7. முதல் ஓட்டம்
ஸ்டார்ட் பண்ணி வெகுநேரம் ஐடிலில் விடாதே. மினரல் ஆயிலில், மிதமாக ஆக்சிலரேட்டர் கொடுத்தும் விட்டும் ஓட்டினால்தான் ரிங் அமரும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்று. நான்கு சிலிண்டரின் அளவுகளையும் நோட்டில் எழுதி வை. அடுத்த முறை பிரிக்கும்போது எது எவ்வளவு தேய்ந்தது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.