கீரி வந்துபோன பிறகு

சிவகங்கைப் பக்கத்து மானாவாரி ஊர்களில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கீரி புதிதல்ல. மரநாய் இருட்டில் கூரைவழி இறங்கும். கீரி பட்டப்பகலில் வேலியடியில் பதுங்கி வரும். எங்கள் கொல்லைக்கும் அப்படித்தான் வந்தது. சேவலையும் விடலைகள் இரண்டையும் கொன்றுபோட்டது. தப்பிய பெட்டைகளுக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான். பஞ்சாரத்தைத் தூக்கினாலும் வெளியே வராமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் நின்றன. என் உள்ளங்கையில் கம்பு கொத்தித் தின்ற செவலைப் பெட்டை, என் நிழல் விழுந்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சிரைத்தது.

பிள்ளைகளைப்போல வளர்த்த கோழிகள் நம்மைக் கண்டு நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காது. உடனே அள்ளி அணைத்து ஆறுதல் சொல்லத் தோன்றும். அந்த நேரத்தில் கோழிக்கு வேண்டியது அதுவல்ல. காயமிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கத்தான் தொடவேண்டும். கடித்த காயம் வெளியே தெரியாது. இறக்கைக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் முதுகிலும் இறகை விலக்கித் தேடவேண்டும். ஊசி குத்தியதுபோலச் சின்ன ஓட்டைதான் இருக்கும், உள்ளே சீழ் வைத்துவிடும். சுத்தமான உப்புத் தண்ணீரால் கழுவி மஞ்சள் வைப்பது முதலுதவி மட்டுமே. பல் ஆழமாகப் பதிந்திருந்தால் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போய்விடுங்கள். ஈ உட்கார்ந்து புழு வைத்தால் கோழியைக் காப்பாற்றுவது கடினம்.

காயம்பட்டதைத் தனியே பிரிக்காவிட்டால் மற்றவை ரத்தச் சிவப்பைப் பார்த்துக் கொத்தும். ஆனால் அதைக் கண்காணாத அறையில் வைக்கக்கூடாது. பல நாள் காணாமல் போய்த் திரும்பும் கோழியை அந்தக் கூட்டம் அந்நியமாகவே நடத்தும். நான் அதைப் பஞ்சாரத்துக்குள் வைத்து, மற்றவை மேயும் இடத்திலேயே கவிழ்த்தேன். இவை அதைப் பார்த்தன, அது இவற்றைப் பார்த்தது. பிறகு திறந்துவிட்டபோது சண்டை வரவில்லை.

அடுத்த வேலை வேலி. இதை முடிக்காமல் கோழியின் பயத்தைப் போக்க முயல்வது அதை ஏமாற்றுவதாகும். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்குக் கீரி திரும்ப வரும். கோழி பயப்படுவது நியாயம்தான். கோழிவலை என்று கடையில் தரும் அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்த உதவும், நாயைத் தடுக்காது. பல்லால் இழுத்தே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வாங்கி, அடிப்பக்கத்தை ஓரடிக்கு வெளிப்புறமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தோம். தோண்டி நுழையப் பார்க்கும் பிராணிக்கு முதலில் கம்பிதான் தட்டுப்படும். உதிர்ந்த இறகு, ரத்தம் படிந்த மண் எல்லாவற்றையும் அள்ளித் தூரத்தில் ஆழமாகப் புதைத்தோம். விஷம் வைக்கச் சிலர் சொன்னார்கள். கீரியைக் கொல்வதும் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எலியையும் பாம்பையும் தின்று காட்டைக் காக்கும் பிராணி அது. சட்டம் இல்லாவிட்டாலும் அதைக் கொல்ல எனக்கு மனம் வராது.

வேலி முடிந்தபின்தான் என் முறை வந்தது. பக்கத்து வீட்டு அப்பத்தா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொரத்தாத தாயி. தீனியப் போட்டுட்டு நீ பேசாம உக்காரு. அது ஒன்னத் தேடி வரணும், நீ அதத் தேடிப் போவக்கூடாது." இதைவிட நல்ல வழியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

காலையும் மாலையும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே "ப்பா... ப்பா..." குரல். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். காற்றில் படபடக்கும் துணி அவற்றுக்கு இறக்கைதான். தரையில் உட்கார்ந்து குருணையைக் கொஞ்சம் தள்ளித் தூவுவேன். கோழியின் கண்ணையே உற்றுப் பார்க்காமல் கீரை ஆய்வேன். ஒவ்வொரு நாளும் குருணை விழும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக என்னை நெருங்கும். பசியும் ஆசையும் பயத்தை வெல்ல நல்ல தீனி வேண்டும். கரையானுக்கு ஈடு எதுவுமில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அந்தப் பானையைத் தட்டிக் கொட்டிய காலையில்தான் செவலை முதன்முதலாகச் சுவரை விட்டு வந்தது. கழுத்தை நீட்டி ஒரு கரையானைக் கொத்தும், பின்வாங்கும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும், மறுபடி கொத்தும்.

அந்த வானப் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. தரையில் வரும் எதிரிக்கு ஒரு குரலும், வானத்தில் வரும் எதிரிக்கு வேறு குரலும் கொடுத்துச் சேவல் எச்சரிக்கும். ஒலிபெருக்கியில் அந்தக் குரலை மட்டும் கேட்ட பெட்டைகள்கூட, வானக் குரலுக்கு மறைவைத் தேடி ஓடிப் பதுங்கியதையும், தரைக் குரலுக்கு நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்ததையும் கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆய்வாளர்கள் 1993-இல் எழுதினார்கள். எங்கள் கூட்டத்தில் காவல்காரச் சேவலே போய்விட்டது. அதன் வேலையையும் பெட்டைகளே பார்த்ததால் நிம்மதியாக மேய முடியவில்லை. உடனே புதுச் சேவல் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வந்ததும் அது பெட்டைகளைத் துரத்தி மிதிக்கத்தான் பார்க்கும். அவை தேறியபின் வாங்கலாம்.

கையை மேலிருந்து கொண்டுபோனால் பருந்து இறங்குவதுபோல் இருக்கும். கை எப்போதும் கீழிருந்து, பக்கவாட்டில், நெஞ்சுக்கு நேராகப் போகவேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் பழக்கம் ஊரில் உண்டு. பயந்த கோழியிடம் அது கூடவே கூடாது.

ஒரு கருப்புப் பெட்டை கூட்டுக்குள் அடையவே மறுத்து முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. பகலில் அதைப் பிடிக்க ஓடியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. நன்றாக இருட்டியபின், விளக்கடிக்காமல், இரு கையாலும் இறக்கையை அணைத்து மெல்ல இறக்கிக் கூட்டுக் கம்பில் மற்றவற்றின் நடுவில் உட்காரவைத்தேன். சில இரவுகள் இதைத் தொடர்ந்தபின் அதுவே பொழுது சாயக் கூட்டுக்கு வந்தது.

தேறிவிட்டதை எதைவைத்து அறிவது? கையில் கொத்துவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பசித்தால் பயத்தோடும் கொத்தும். மண்குளியல்தான் எனக்கு அடையாளம். ஒரு கோழி பக்கவாட்டில் சரிந்து, இறக்கையை விரித்து, கண்ணைப் பாதி மூடிப் புழுதியில் புரள்கிறது என்றால், ஓடித் தப்ப வேண்டியதில்லை என்று அது நம்புகிறது. எங்கள் பெட்டைகளில் இளசுகள் ஒரு வாரத்திலேயே புரண்டன. செவலை மழைக்காலம் வரை எடுத்துக்கொண்டது.

பிடுங்கப்பட்ட வால் இறகு சில வாரங்களில் முளைக்கும். ஒடிந்த இறகு அடுத்து இறகுதிர்க்கும் காலம்வரை அப்படியேதான் இருக்கும். பயந்த கோழி முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். "தெண்டத்துக்குத் தீனி" என்று அதை விற்றுவிடவோ குழம்பு வைக்கவோ அவசரப்படாதீர்கள். தீனியும் நிழலும் தண்ணீரும் கொடுத்து, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று தினமும் அந்தியில் ஒருமுறை பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள். எங்கள் செவலை மறுபடி முட்டையிட்டது, அடைக்கும் உட்கார்ந்தது.