புதிய பசுமைப் பையும் பழைய அலுமினியப் பெட்டியும்

பள்ளி திறக்கும் காலத்தில் கடைகளில் இன்று ஒரு புதிய அடைமொழி காதில் விழுகிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பதே அது. விதை வைத்த பென்சில், பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த பென்சில், மூங்கில் பேனா, பருத்திப் பை எனப் பலவும் விற்பனைக்கு வந்துள்ளன. பிளாஸ்டிக்கை விட இவை மேலானவையாகவே தோன்றுகின்றன. ஆனால் வீட்டில் நல்ல நிலையில் இருக்கும் பையை ஒதுக்கிவிட்டு இவற்றை வாங்குவது நன்மையா என்பது வேறு வினா. அதை ஆராய நமக்கு அருகிலேயே ஒரு மலை இருக்கிறது.

முந்திய தலைமுறையினர் பள்ளிக்குத் தூக்கிச் சென்ற அலுமினியப் பெட்டியை அறியாதார் இலர். அண்ணனுக்குப் பின் தம்பி, தம்பிக்குப் பின் தங்கை என்று கைமாறி, கடைசியில் வீட்டுப் பத்திரங்களைச் சுமந்துகொண்டு பரண் ஏறும். அலுமினியத்தின் மூலப்பொருள் பாக்சைட்டு. சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் சார்னோகைட்டுப் பாறை நெடுங்காலம் சிதைந்து உண்டான மண் அது. 1960களில் மேட்டூரில் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்காக ஏற்காட்டில் அது வெட்டி எடுக்கப்பட்டது. மேட்டூரில் உருக்கும் பணி 2008இல் நின்றுவிட்டது. ஆனால் வெட்டிய மலை திரும்ப வளர்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ அலுமினியத்திற்கு ஏறத்தாழ 4 கிலோ பாக்சைட்டும், மின்னாற்பகுப்புக்கு மட்டும் சுமார் 14 யூனிட் மின்சாரமும் வேண்டும். பழைய பெட்டியை உருக்கிப் புதிது செய்தால் முதல்முறை ஆன ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும். உருக்காமலே கீலைத் தட்டிச் சரிசெய்து தம்பியிடம் கொடுத்தால்? சுத்தியலடிக்கு ஆகும் கூலிதான் செலவு! மறுசுழற்சியைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், அதற்கு முந்திய இந்தப் படியை மறந்துவிடுகிறோம்.

துணிப்பைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் மஞ்சப்பையே பள்ளிப்பையாகவும் இருந்ததன்றோ! பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் அதன் பங்கு குறையும். ஓராண்டில் பள்ளி நடக்கும் நாள் ஏறத்தாழ 210. நாள்தோறும் பள்ளிக்குப் போகும் பை முதல் ஆண்டிலேயே அந்த எல்லையைக் கடந்துவிடும். விழாவில் வாங்கி ஆணியில் மாட்டிய பை ஒருநாளும் கடவாது. ஆகவே பை எதனால் ஆனது என்பதோடு, எத்தனை நாள் தோளில் தொங்கியது என்பதையும் கேட்டாக வேண்டும்.

பாடநூல்களில் இக்கணக்கு அவ்வளவு எளிதன்று. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் பாடத்திட்டம் மாறியபோது அக்காள் நூல் தங்கைக்கு உதவாமற் போயிற்று. விடையை நூலிலேயே எழுதச் செய்யும் பயிற்சிப் பக்கங்களும் மறுபயனுக்குத் தடையே. குறிப்பேடு அப்படியன்று, ஆண்டு இறுதியில் எஞ்சும் வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு ரஃப் நோட்டு ஆகிவிடும்.

பழையது எல்லாம் சிறந்தது என்று வாதிட வரவில்லை. ஏற்காட்டு மழையில் ஒழுகும் பையை ‘மறுபயன்’ என்று சொல்லிப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவது சிக்கனமாகாது, நூல்தான் நனையும். இன்னொன்றும் உண்டு. தோட்டக் கூலியின் மகள் பழைய பையோடு வந்தால் அதை வறுமை என்கிறோம். வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளை கொண்டு வந்தால் சூழல் உணர்வு என்கிறோம். இந்த வேறுபாடு இருக்கும்வரை கடன் பட்டேனும் ஜூன் மாதத்தில் புதியது வாங்கவே பெற்றோர் முயல்வர். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நம் கல்லூரி அளவில் ஒன்று செய்யலாம். இறுதியாண்டு மாணவர் விட்டுச் செல்லும் ஆய்வக அங்கி, கணிப்பான், வடிவியல் கருவிப்பெட்டி ஆகியவற்றைத் துறைதோறும் ஓர் அலமாரியில் சேர்த்து, சேர்க்கை முடிந்ததும் முதலாண்டினருக்கு வழங்கலாம். அந்த அலமாரியின் மேல் ‘ஏழை மாணவர்க்கு’ என்று மட்டும் எழுதி ஒட்டிவிடக் கூடாது. பேராசிரியர் மகனும் அதிலிருந்தே எடுக்கட்டும்.