பெயின்டுக்கு முன் மரம்: எபொக்சி நிரப்பி பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை

ஹாட்வெயார் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்குப் பழகிப்போன ஒரு முறைப்பாடு உண்டு. "முதலாளி, உங்கட கடையில வாங்கின பெயின்ட் ஒரு மழைக்குக் கூட நிக்கல்ல" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். வெளிப்புறக் கதவு, ஜன்னல் சம்பந்தமாக என்னிடம் வந்த இத்தகைய முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றில் பெயின்டில் குறை இருக்கவில்லை. பெயின்டுக்குக் கீழே இருந்த மரம் உக்கிப் போயிருந்தது. அந்த உக்கலை எதையோ வைத்து அடைத்துவிட்டு மேலே பூசியிருந்தார்கள்.

எமது பெயின்ட் பாஸ்மார் வழமையாக மூன்று பொருட்களைப் பாவிக்கின்றனர். முதலாவது மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைத்த கலவை. வீட்டுக்குள்ளே அலுமாரிக்கு இது போதும். வெளியில் மழை பட்டால் சாதாரண வெள்ளைப் பசை இளகிவிடும். இரண்டாவது சுவருக்குப் பூசும் புட்டி. மரத்தின் அசைவுக்கு அது வெடிக்கும். மூன்றாவது கார் கராஜ்களில் பாவிக்கும் பொலியெஸ்டர் நிரப்பி. விரைவில் காய்வதால் பாஸ்மாருக்கு இதில்தான் விருப்பம் அதிகம். ஆனால் அது உலோகத் தகட்டுக்கென்று செய்யப்பட்டது. மரமோ மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கும். ஓரிரு பருவங்களில் நிரப்பியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். அதனூடாக நீர் உள்ளே போகும், ஆனால் பெயின்ட் மூடியிருப்பதால் வெளியே வர வழியிராது.

சில வருடங்களுக்கு முன் காலிக் கோட்டைக்குள் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் வேலையை ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. அங்கே பழைய மரத்தைக் கழற்றி வீசிவிட்டு நினைத்தபடி அலுமினியம் போட முடியாது. கடற்காற்றும் மழையும் நேரே அடிக்கும். அவர் ஜன்னல்களின் அடிச்சட்டங்களைப் பொலியெஸ்டரால் அடைத்துப் பூசிக் கொடுத்தார். அடுத்த தென்மேல் பருவமழையுடன் பெயின்ட் கொப்புளித்தது. விடுதிக்காரர் இறுதிக் கொடுப்பனவை நிறுத்திவிட்டார். அந்தப் பெயின்ட் முழுவதும் எனது கடையில் கடனுக்குப் போனது. ஆகவே அவருடைய பிரச்சினை எனது பிரச்சினையாகவும் ஆனது. நேரில் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். பெயின்டைத் தாண்டி விரற்கடை ஆழத்துக்கு அது சிரமமின்றி இறங்கியது.

திருத்த வேலையை அடுத்த பெப்ரவரிக்கு ஒத்திவைக்கச் சொன்னேன். இதற்குக் காரணம் உண்டு. மரத்தை உக்கச் செய்வது பங்கசு. மரத்தின் ஈரலிப்பு 20 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் அது வளரும். ஈர மரத்தில் எபொக்சி சரியாக ஒட்டவும் மாட்டாது. ஈரமானியில் 18 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு.

உக்கிய பகுதியை உளியால் நல்ல மரம் தெரியும் வரை எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பலர் கை பின்வாங்குகிறார்கள், குழி பெரிதாகிவிடும் என்ற பயம். கறையான் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. எபொக்சி கறையானைக் கொல்லாது. மருந்து நன்கு காய்ந்த பிறகு, தண்ணீர் போன்ற மெல்லிய எபொக்சியைத் தூரிகையால் ஊற விட வேண்டும். அது நார்களுக்குள் இறங்கி மரத்தை இறுக்கும். அது முழுதாக இறுகுமுன், ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே பசை போன்ற நிரப்பியை அழுத்தி அடைக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிணைவது அதனால்தான்.

ரெசினும் ஹாட்னரும் கலக்கும் அளவு கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். சில சமனுக்குச் சமன், சில இரண்டுக்கு ஒன்று. பொலியெஸ்டருக்குப் பழகிய பாஸ்மார் "கொஞ்சம் ஹாட்னர் கூடப் போட்டால் கெதியாக் காயும்" என்று எண்ணுவார்கள். எபொக்சியில் இது நடவாது. கூடிய ஹாட்னர் உள்ளே மிஞ்சி நின்று, நிரப்பி ஒருபோதும் முழுமையாக இறுகாமல் மெத்தென்றே கிடக்கும். விற்கும்போது இதை வாயால் சொல்லிக் கொடுங்கள். லேபலை வாசிப்பவர்கள் குறைவு. சிறிது சிறிதாகவே கலக்கச் சொல்லுங்கள். ஒரே டின்னில் நிறையக் கலந்தால் அது தானாகவே சூடேறி, பூசுமுன் கல்லாகிவிடும். லேபலில் உள்ள நேரம் பெரும்பாலும் 25 பாகை வெப்பத்துக்கு உரியது. எமது நண்பகல் வெயிலில் அதை நம்ப வேண்டாம்.

இறுகிய பின் மேலே எண்ணெய் பூசினாற்போல் ஒரு படலம் தெரியலாம். அதை நீரும் ஸ்பொஞ்சும் கொண்டு கழுவிவிட்டுத்தான் சாண்ட் பேப்பர் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவி, பெயின்ட் ஒட்டாது. சரியாக இறுகாத எபொக்சியின் மேல் எண்ணெய்ப் பெயின்ட் பூசினால் அது நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அதற்காகப் பூசாமலும் விட முடியாது, வெயில் பட்டால் எபொக்சி மாவாகும்.

கையுறை விற்பனையை ஒரு உபரி வருமானமாக நினைக்காதீர்கள். எபொக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அந்த பாஸுக்கு அதன் பிறகு சிறு துளி பட்டாலும் சொறியும் கொப்புளமும்தான். தின்னரால் கை கழுவுவது இதை இன்னும் மோசமாக்கும். சவர்க்காரமும் நீரும் போதும்.

எல்லாவற்றுக்கும் எபொக்சிதான் என்று விற்பதும் சரியன்று. கூரைத் தீராந்தி, தூண் போன்ற பாரம் தாங்கும் மரம் உக்கியிருந்தால் அது தச்சரின் வேலை. கையகலத்துக்கு மேற்பட்ட குழிக்கும், அதே இன மரத்துண்டொன்றைப் பொருத்தி ஓரங்களை மட்டும் எபொக்சியால் அடைப்பது மலிவு. தேக்கு, முதிரை ஜன்னலுக்கு இச்செலவு தகும். மலிவுப் பலகைக்குப் புதுப் பலகையே இலாபம்.

காலி ஒப்பந்தக்காரருக்கு நிறுத்திய பணத்தில் பாதிதான் கிடைத்தது. எனது கடனைத் தவணையில் தீர்த்தார். அடிச்சட்டங்களை வெளிப்பக்கம் சரிவாகச் சீவி, அடியில் நீர் சொட்டும் காடியும் வெட்டியிருந்தார். தண்ணீர் தேங்கும் இடத்தைத் திருத்தாமல் எந்த நிரப்பியும் நிலைக்காது என்பதால் அதை முதலிலேயே கேட்டிருந்தேன்.

சரக்கு வைப்போருக்கு ஒன்று. ரெசினையும் ஹாட்னரையும் பிரித்து விற்க வேண்டாம், மற்றப் பாதி கடையில் தங்கிவிடும். ரெசின் சில வேளை சீனிப் பாகு போலப் பளிங்காகி உறையும். காலாவதித் திகதி தாண்டாதிருந்தால் வீச வேண்டியதில்லை. டின்னைச் சுடுநீரில் வைத்து, பளிங்கு முழுதும் கரைந்த பின் ஆறவிட்டுப் பாவிக்கலாம்.