"வயசாச்சு, இனி எதுக்கு ஆஞ்சியோ?"

நம்பிக்கை: எண்பதைத் தாண்டியவர் உடம்பு ஆஞ்சியோவைத் தாங்காது.

உண்மை: ஆஞ்சியோ வேண்டாம் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி பிள்ளைகள் எடுக்கும் முடிவு. கட்டிலில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் முன்பு தொடை வழியாகப் போன ஆஞ்சியோ குழாய் இப்போது பெரும்பாலும் மணிக்கட்டு வழியாகப் போகிறது. ரத்தக்கசிவு அபாயம் குறைந்துவிட்டது. 2016இல் வெளியான நார்வே ஆய்வில் இருந்த 457 பேரும் 80 வயதைத் தாண்டியவர்கள். முழு அடைப்பு இல்லாத மாரடைப்போ, அதன் வாசல்வரை போன நெஞ்சுவலியோ வந்தவர்கள். மருந்தோடு நிறுத்திக்கொண்டவர்களில் 61 சதவீதம் பேருக்கு மறுபடி மாரடைப்பு, அவசரமாக அடைப்பை நீக்கும் சிகிச்சை, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. ஆஞ்சியோ செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அடைப்பை நீக்கிய பிரிவில் அது 41 சதவீதம். ரத்தக்கசிவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பலன் தெளிவாகவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் அடைப்பு என்றாலே ஸ்டென்ட்தான்.

உண்மை: அதுவும் இல்லை. பிரிட்டனில் 75 வயதைக் கடந்த 1,518 பேரிடம், இதே வகை மாரடைப்புக்கு நடந்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. இதய நோயால் மரணம், மறுபடி மாரடைப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆஞ்சியோ பிரிவில் 25.6 சதவீதம், மருந்துப் பிரிவில் 26.3. மறு மாரடைப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஆக, சிறுநீரகம் தளர்ந்து, ஞாபகமும் தப்பிய பெரியவருக்கு மாத்திரையே போதும் என்று மருத்துவர் சொன்னால், அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை.

ரத்தக்குழாய் முழுதாக அடைத்து வரும் மாரடைப்பு வேறு கதை. அங்கே வயது பார்க்காமல் குழாயைச் சீக்கிரம் திறக்கத்தான் பார்ப்பார்கள். நடந்தால் வலி, நின்றால் சரி என்பவருக்கு முதலில் மாத்திரை. அதற்குப் பிறகும் மாடிப்படி ஏற முடியவில்லை, அதுதான் அவருடைய பெரிய குறை என்றால் ஸ்டென்ட் பற்றிப் பேசலாம்.

பிறந்த வருஷத்தை விட, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, ரத்தசோகை உண்டா என்பவைதான் இந்த முடிவுக்கு உதவும்.

நம்பிக்கை: மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள்.

உண்மை: சினிமாவில். முதியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு, மூச்சுத்திணறலும் வியர்வையும் அசதியும் மட்டும் வரலாம்; திடீரென்று ஆள் தெரியாமல் பேசலாம். வாயு என்று இஞ்சிச்சாறு கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் இசிஜி எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

நம்பிக்கை: வயதானால் தினம் ஓர் ஆஸ்பிரின் நல்லது.

உண்மை: இதய நோயே வராத முதியவர்களுக்கு அதனால் லாபம் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று 19,114 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. இதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்கப் போகிறேன் என்று தாமாக நிறுத்துகிறவர்கள் நிறைய. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அடுத்த மாரடைப்புதான்.

நம்பிக்கை: நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை எப்படிப் போட்டாலும் சரி.

உண்மை: உட்கார்ந்துதான் போட வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்; நின்றபடி போட்டு, மயங்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் அது தனி வைத்தியம். வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் இதைத் தொடவே கூடாது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும். தாத்தாவிடம் போய் இதை எப்படிக் கேட்பது என்று பிள்ளைகள் நெளிவார்கள். மருத்துவரையே தனியாகக் கேட்கச் சொல்லிவிடலாம்.