பழைய சுவிட்ச் வாங்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. முடித்துவிட்டு சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டிலேயே பழக ஒரு சுவிட்ச் வாங்க ஆசை. எட்டு போர்ட் சுவிட்ச் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அது போதுமா? பழைய சிஸ்கோ வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஆயிரம் ரூபாய் சுவிட்ச் வீட்டு டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நெட் பிரித்துக் கொடுக்கும். படிக்க உதவாது, தம்பி. உள்ளே நுழைந்து மாற்ற அதில் ஒன்றுமே கிடையாது. உங்களுக்கு வேண்டியது 'மேனேஜ்டு' சுவிட்ச். பெயரில் ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால் ஏமாறுவீர்கள்: டிபி-லிங்க் எஸ்ஜி108-இல் எதையும் அமைக்க முடியாது, கடைசியில் 'இ' சேர்ந்த எஸ்ஜி108இ-யில் விலான் பிரிக்கலாம். அதுவும் பிரவுசர் வழியாகத்தான். தேர்வுக்கு வேண்டிய கமாண்ட் லைன் அதில் இல்லை.

தேர்வு மட்டும்தான் குறி என்றால் சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசரே போதும். கையால் தொட்டுப் பழக ஆசையா? பழைய கேட்டலிஸ்ட் 2960 இரண்டு வாங்குங்கள். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் விசாரியுங்கள். அதைவிடப் பழைய 2950-ஐ மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம். 24 போர்ட் பெட்டியின் விசிறிச் சத்தத்தையும் மறக்காதீர்கள். என்னுடையதை முதல் நாள் ராத்திரியே அம்மா ஹாலிலிருந்து மொட்டைமாடி அறைக்கு நாடு கடத்திவிட்டார். விசிறியே இல்லாத எட்டு போர்ட் 2960-ம் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

கடையிலேயே கரண்ட் கொடுத்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். லேப்டாப், கன்சோல் கேபிள், யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். லேப்டாப்பில் புட்டி (PuTTY) என்ற மென்பொருளைத் திறந்து வேகம் 9600 என்று வைத்தால் சுவிட்ச் எழுந்திருப்பது வரிவரியாகத் தெரியும். கடைசியில் பழைய ஆபீஸின் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கலாம். அது கோளாறு இல்லை; விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாக்கு. முகப்பில் உள்ள 'மோட்' பட்டனை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்து, பழைய கான்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் வழி திறந்துவிடும். விலான் விவரம் தனிக் கோப்பில் இருக்கும், அதையும் அழியுங்கள்.

ஏன் இரண்டு? இரண்டுக்கும் நடுவே இரண்டு கேபிள் போடுங்கள். ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் ஆரஞ்சிலேயே நிற்கும். பாக்கெட்டுகள் வட்டமடிக்காமல் ஸ்பானிங் ட்ரீ அந்த வழியை அடைத்திருக்கிறது. இப்போது மற்ற கேபிளைப் பிடுங்கிவிட்டு மொபைலில் நேரம் பாருங்கள். ஆரஞ்சு பச்சையாக 30 நொடி ஆகும். ஏற்கெனவே ரேப்பிட் முறையில் இருந்தால் அவ்வளவு நேரம் நிற்காது. முறையை மாற்றி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடுக்க ஆளில்லாமல் பாக்கெட்டுகள் வட்டமடிப்பதைப் பார்க்க, அந்த ஆயிரம் ரூபாய் சுவிட்சிலும் ஒரே கேபிளின் இரு முனையையும் செருகிப் பார்க்கலாம். வீட்டு ரவுட்டரிலிருந்து மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள்.