துருதுருப்பான பிள்ளையும் பிரம்பும்

சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வழியில் கடைத்தெருவில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தனர். அனஸ் (ரலி) அங்கேயே நின்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கரம் பிடரியைப் பற்றியது. திரும்பினால், நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தபடி நிற்கிறார்கள்! 'உனைஸ்' என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்றுதான் கேட்டார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

நம் வீட்டில் இது நடந்தால் முதுகில் நாலு வைத்திருப்போம்.

சில பிள்ளைகளுக்கு இது தினசரிப் பாடு. உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை. கேள்வி முடியுமுன் பதில் வருகிறது. பென்சில் நாளொன்று தொலைகிறது. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏ.டி.எச்.டி. என்பார்கள். பெரும்பாலும் பரம்பரையாய் வரும் மூளை வளர்ச்சிக் குறை இது. தாயின் வளர்ப்புக் குறையன்று, ஷைத்தானின் சேட்டையுமன்று.

மருந்து கூடாதென்று நாம் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடும்படி ஏவப்பட்ட சமுதாயமல்லவா நாம்! ஆயினும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருத்துவர்களே முதலில் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பள்ளியில் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு.

ஆசிரியரைப் பார்த்து, சன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி முன்வரிசையில் இடம் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஏவல். பத்துக் கணக்கை இரண்டிரண்டாகக் கொடுக்கட்டும். நடுவில் கரும்பலகை துடைக்க எழுப்பட்டும். இவற்றைவிடப் பலன் தருவது ஒரு துண்டுச் சீட்டு. 'இடத்தில் இருந்தான்', 'கணக்கை முடித்தான்' என இரண்டு மூன்று வரிகள் போதும். ஆசிரியர் அன்றன்று குறியிட்டு அனுப்ப, உம்மா அன்று மாலையே பாராட்டிச் சிறு பரிசு தர வேண்டும். பெருநாளைக்குச் சைக்கிள் என்ற வாக்குறுதி இப்பிள்ளைக்கு எட்டாத தூரம்.

பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் தடுக்கிறது. 2012-இல் வந்த திருத்தமோ அச்சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாதென்கிறது. ஆகவே அந்தியில் ஓதப் போகும் இடத்தில் பிரம்பைத் தடுக்க நம்மைத் தவிர ஆளில்லை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த தம்மை நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை என அனஸ் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஹஜ்ரத்திடம் இதைச் சொல்லத் தயங்கும் தாய்மார்கள், அந்தத் துண்டுச் சீட்டையே மதரஸாவுக்கும் கொடுத்தனுப்பலாம். முதல் வாரம் இரண்டு ஆயத்துகள், நின்றுகொண்டே ஓதினாலும் சரி.