4 நிமிடம் 23 விநாடி: பனியில் தப்பிப் பிழைத்த டெக்சஸ் கிரிட்

மெஷின்ஸ் பேப்பருக்குப் படிக்கும்போது இந்த ஃபார்முலாவை நாம எல்லாருமே ஒரு தடவையாவது எழுதியிருப்போம்: சிங்க்ரனஸ் வேகம் = 120 × ஃப்ரீக்வென்சி ÷ போல்களின் எண்ணிக்கை. ரெண்டு மார்க் கேள்வி. எழுதிட்டு மறந்துடுவோம். ஆனா 2021 பிப்ரவரி 15 அதிகாலையில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மின்சாரம் இந்த ஃபார்முலாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

டெக்சஸ் வெயில் ஊர். கோடையில் 40 டிகிரி செல்சியஸ் அங்கே சாதாரணம். அந்த ஊருக்கு ஒரு பிப்ரவரியில் ஆர்க்டிக் குளிர் வந்து இறங்கியது. டாலஸில் பிப்ரவரி 16 அன்று மைனஸ் 19 டிகிரி வரை போனது. வெயிலுக்காகவே கட்டிய ஒரு சிஸ்டம் குளிரில் எப்படி உடைந்தது, எப்படித் தப்பியது, நாம என்ன கத்துக்கலாம்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

தனித் தீவு மாதிரி ஒரு கிரிட்

அமெரிக்காவின் மின்கட்டமைப்பு மூன்று பெரிய துண்டுகள்: கிழக்கு, மேற்கு, அப்புறம் டெக்சஸ். டெக்சஸின் மின் தேவையில் சுமார் 90 சதவீதத்தை எர்காட் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பக்கத்து கிரிட்களோடு இதற்கு இருக்கும் டிசி இணைப்புகளின் மொத்தத் திறன் ஏறக்குறைய 1,200 மெகாவாட்தான். அன்றைய தேவை என்ன தெரியுமா? பிப்ரவரி 14 மாலை 69,222 மெகாவாட். குளிர்கால உச்சத்தில் அதுவரை இல்லாத சாதனை. அதாவது அவசரத்துக்கு வெளியிலிருந்து உதவி வாங்கணும்னாலும், யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான்.

தேவை ஏன் அப்படி ஏறியது? அங்கே நிறைய வீடுகளில் ஹீட்டிங் மின்சாரத்தில்தான். ஹீட் பம்ப், வெளியே இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. வெளியே குளிர் கூடக் கூட அதன் திறன் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே இருக்கும் ரெசிஸ்டன்ஸ் காயில் ஆன் ஆகும். அது நம்ம ஹாஸ்டல் இமர்ஷன் ஹீட்டரோட அண்ணன். மின்சாரத்தைக் குடிக்கும். ஆக, குளிர் ஏற ஏற லோடும் ஏறியது.

அந்த நாலு நிமிடம்

லோடு ஏறிய அதே நேரத்தில் மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இப்போ ஃபார்முலாவுக்கு வருவோம். டர்பைன் கொடுக்கும் சக்தியை விட லோடு இழுக்கும் சக்தி அதிகமானால், வித்தியாசம் எங்கிருந்து வரும்? சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர்களில் சேமிப்பாக இருக்கும் இயக்க ஆற்றலிலிருந்து வரும். அதை எடுக்க எடுக்க ரோட்டரின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் ஃப்ரீக்வென்சி குறையும்.

நமக்கு 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. பிப்ரவரி 15 அதிகாலை 1:20-க்கு எர்காட் மிக உயர்ந்த அவசர நிலையை அறிவித்து லோடு ஷெட்டிங்கைத் தொடங்கியது. அப்படியும் 1:50-ஐத் தாண்டியதும் ஃப்ரீக்வென்சி 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி, 59.302 வரை போனது. "60-க்கும் 59.3-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று தோணும். இரண்டு போல் ஜெனரேட்டருக்குக் கணக்குப் போடுங்க: 3,600 ஆர்பிஎம்மிலிருந்து சுமார் 3,558. வெறும் 42 சுற்றுதான் குறைவு. ஆனால் பெரிய நீராவி டர்பைன்களின் பிளேடுகள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. வேகம் விலகினால் ரெசொனன்ஸ் பக்கம் நகர்ந்து, அதிர்வில் பிளேடு சேதமாகலாம். அதனால் மெஷினைக் காப்பாற்ற அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலே இருக்கிறது. 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நீடித்தால் ஜெனரேட்டர்கள் தானாகவே கிரிட்டிலிருந்து கழன்றுகொள்ளலாம். ஒன்று கழன்றால் மற்றவற்றின் மேல் பாரம் கூடும், அதுவும் கழலும், கடைசியில் மாநிலம் முழுக்க இருட்டு. அப்படி ஒரு முழு பிளாக்அவுட் வந்திருந்தால், பிளாக் ஸ்டார்ட் செய்து மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும், மாதக்கணக்கில்கூட ஆகியிருக்கலாம்.

ஃப்ரீக்வென்சி 59.4-க்குக் கீழே இருந்த நேரம் 4 நிமிடம் 23 விநாடி. மீதி இருந்தது 4 நிமிடம் 37 விநாடி. அந்த இடைவெளியில் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் ஆயிரக்கணக்கான மெகாவாட் லோடை அடுத்தடுத்து வெட்டச் சொல்லி உத்தரவிட்டார்கள். கிரிட் நிமிர்ந்தது. வெட்டினால் அந்தக் குளிரில் லட்சக்கணக்கான வீடுகளில் ஹீட்டர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெட்டாவிட்டால் எல்லா வீட்டிலும் நிற்கும் என்பதும் தெரியும்.

சுழற்சி இல்லாத சுழற்சி மின்வெட்டு

முறைப்படி லோடு ஷெட்டிங் என்றால் இந்த ஏரியாவுக்கு அரை மணி நேரம், அடுத்த ஏரியாவுக்கு அரை மணி நேரம் என்று மாறணும். நமக்குத் தெரியாத பவர் கட்டா! ஆனால் அங்கே உச்சத்தில் 20,000 மெகாவாட் வெட்ட வேண்டியிருந்தது. மருத்துவமனை ஃபீடர், தானியங்கி லோடு ஷெட்டிங்குக்கு ஒதுக்கிய ஃபீடர் என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், மாற்றி மாற்றி வெட்டுவதற்கு மிச்ச ஃபீடர்கள் போதவில்லை. அதனால் போன இடத்தில் போனதுதான். சுமார் 70 மணி நேரம் லோடு ஷெட்டிங் நீடித்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. மாநில சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலானவை குளிரால் உடல் வெப்பம் இழந்து நேர்ந்த சாவுகள்.

உறைந்தது எது?

அந்தச் சமயம் காற்றாலைகள்தான் காரணம் என்று டிவியில் பலர் பேசினார்கள். மத்திய ஒழுங்குமுறை அமைப்புகளின் விசாரணை அறிக்கை வேற கதை சொன்னது. பாதிக்கப்பட்ட 1,045 மின் உற்பத்தி யூனிட்களில் 58 சதவீதம் இயற்கை எரிவாயு யூனிட்கள். காற்றாலை 27 சதவீதம். கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் ரெண்டே விஷயம்: கருவிகள் உறைந்தது, எரிபொருள் வராதது.

வெயில் ஊர் என்பதால் பாய்லரும் டர்பைனும் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் இருக்கும். கோடையில் சூடு வெளியேற அது நல்லது. குளிரில் அதுவே பலவீனம். பெரிய மெஷினை விட, அதன் பக்கத்தில் ஓடும் விரல் தடிமன் சென்சிங் லைன்தான் முதலில் உறையும். சவுத் டெக்சஸ் அணுமின் நிலையத்தில் ஒரு ரியாக்டர் நின்றது இப்படித்தான். ஃபீட்வாட்டர் பக்கத்தில் இன்சுலேஷன் இல்லாத ஒரு பிரஷர் சென்சிங் லைன் உறைந்து தப்பான சிக்னல் கொடுத்தது, யூனிட் ட்ரிப் ஆனது. ஆயிரத்துக்கும் மேல் மெகாவாட் கொடுக்கும் யூனிட், சின்னக் குழாயில் கட்டிய ஐஸுக்குத் தோற்றது.

இன்னொரு முடிச்சும் உண்டு. எரிவாயுக் கிணறு, கம்ப்ரஸர், பதப்படுத்தும் ஆலை இவற்றில் பல மின்சாரத்தில் ஓடுபவை. இவற்றை "முக்கிய லோடு" என்று முன்கூட்டியே படிவம் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், மின் நிறுவனம் அந்த ஃபீடரை வெட்டாது. பலர் பதிவு செய்திருக்கவில்லை. கரண்ட் போனது, கேஸ் குறைந்தது, கேஸ் இல்லாமல் மின் நிலையம் நின்றது, அதனால் இன்னும் கரண்ட் போனது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸில் படிச்ச பாசிட்டிவ் ஃபீட்பேக், நேரில்!

இதில் ரொம்ப வலிக்கிற விஷயம், இது முதல் தடவை இல்லை. 2011 பிப்ரவரியிலும் டெக்சஸில் குளிர் வந்து சுழற்சி மின்வெட்டு நடந்தது. குளிர்காப்பு செய்யுங்கள் என்று அப்பவே அறிக்கை சொன்னது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. 2021-க்குப் பிறகுதான் சட்டம் வந்து கட்டாயமானது. 2022 டிசம்பரில் மறுபடி குளிர் வந்து, தேவை 69,222 மெகாவாட்டையும் தாண்டியது. அந்தக் குளிர் 2021 அளவுக்கு நீளமானது இல்லைதான். ஆனாலும் எர்காட் லோடு ஷெட்டிங் இல்லாமலே சமாளித்தது.

அந்த ஊரில் நீங்க இருந்தால்

நம்ம சீனியர்கள் நிறைய பேர் எம்எஸ் படிக்க டெக்சஸ் போறாங்க. "அங்கே வெயில்தானே, ஸ்வெட்டர் எதுக்கு" என்று போகிறவர்கள் இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

1. குழாய்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டும் தண்ணீரில் அழுத்தம் ஏறித்தான் பெரும்பாலும் பைப் வெடிக்கிறது. அதனால் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்க. மெயின் வால்வ் எங்கே இருக்கு என்று வீட்டுக்குக் குடிபோன அன்றே கேட்டு வையுங்க. பைப் வெடிச்சா முதல் வேலை அதை மூடுவதுதான்.

2. தண்ணீர்: 2021-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு போனது. கரண்ட் இல்லாமல் எப்படிக் கொதிக்க வைப்பது? புயல் எச்சரிக்கை வந்த உடனே பிடித்து வைப்பதுதான் வழி.

3. ஒரே அறை: வீடு முழுக்கச் சூடாக்க முயலாதீங்க. எல்லாரும் ஒரே அறையில் இருங்க. கதவிடுக்கில் துண்டு, ஜன்னலில் போர்வை. ஒரே தடித்த உடையை விட, அடுக்கடுக்காக நாலு உடை மேல்.

4. புகை: வீட்டுக்குள்ள கரி மூட்டாதீங்க. கராஜில் காரை ஓடவிட்டு உட்காராதீங்க. ஜெனரேட்டர் வெளியில், ஜன்னலை விட்டுத் தள்ளி. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். அந்த வாரம் குளிருக்குப் பயந்து இப்படிச் செய்து இறந்தவர்களும் உண்டு.

நமக்கான கேள்வி

டிசைன் ப்ராஜெக்ட்டில் "ஆம்பியன்ட் டெம்பரேச்சர்" என்ற கட்டத்தில் வழக்கமான ஒரு எண்ணை நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுறோம். டெக்சஸில் அந்த எண் பெரும்பாலான நாட்களுக்குச் சரியாகத்தான் இருந்தது. பொருந்தாமல் போனது சில நாட்களுக்கு மட்டும். அந்தச் சில நாளில்தான் 246 பேர் போனார்கள்.

அடுத்த தடவை அந்தக் கட்டத்தை நிரப்பும்போது பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்க: "இந்த எண்ணைத் தாண்டினால் முதலில் எது உடையும்?" கைடு கேட்கமாட்டார், வைவாவில் மார்க்கும் வராது. ஆனாலும் எழுதுங்க.